அந்த நூலை எறிய வேண்டாம், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. பிந்தியதற்கு வேலை காரணமில்லை. எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். நீங்கள் கேட்டவற்றில் ஒன்றுக்கு என்னிடம் தெளிவான பதில் இருந்தது, ஒன்றுக்கு அரைகுறைப் பதில், இன்னொன்றுக்குப் பதிலே இல்லை. சரி, இருக்கிறதை இருக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

வாசிக்கிற மற்றவர்களுக்காக உங்கள் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் விட்டுவிட்டேன். இவருக்கு 41 வயது, யாழ்ப்பாணத்தில் கரையோரக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றைச் சேர்ந்தவர். கணவர் ஓட்டோ ஓட்டினவர். போன மார்கழி மழையோடு டெங்கு வந்து, தை மாதத்தில் ஆஸ்பத்திரியில் காலமானார். அவருக்கு 46 வயது. 14 வயதில் ஒரு மகள், 9 வயதில் ஒரு மகன், கூடவே கணவரின் தாயான மாமி. ஆஸ்பத்திரியில் அவர் நித்திரையாக இருந்தபோது இவர் தையல் நூலால் காலில் இருந்து தலைவரை அவரை அளந்து, எழும்பி வந்தால் இந்த உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி செய்துகொண்டு ஆவணித் திருநாளுக்குக் குடும்பமாக மன்னார் மடு மாதா கோயிலுக்கு வருவோம் என்று மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். இப்போது பங்கில் மடுவுக்கு பஸ் பேசுகிறார்கள். இனி அவருடைய சொல்லிலேயே கொஞ்சம்:

“நேர்த்தியைச் செய்யாட்டிப் பிள்ளையளுக்கு ஏதும் வருமெண்டு மாமி சொல்லுறா. எனக்கு அந்தப் பஸ் கதையைக் கேட்டாலே நெஞ்சு பதறுது அக்கா. பின்னேரம் மாமி செபமாலை தொடங்க நான் குசினிக்குள்ள போய் பைப்பைத் திறந்து விட்டிட்டு நிக்கிறன். காய்ச்சல் விட்டிட்டுது எண்டு நினைச்சு ஒரு நாள் வீட்டில வச்சிருந்ததும் நான்தான். இவ்வளவு செபிச்சு என்ன நடந்தது எண்டு மகள் கேக்கிறாள். எனக்கு விசுவாசம் போட்டுதா? அந்த நூல் இன்னும் என்ர ஹான்ட்பாக்குக்குள்ள கிடக்கு.”

முதலில் நேர்த்தி. தெளிவான பதில் என்று சொன்னது இதற்குத்தான்: நீங்கள் யாருக்கும் கடன்காரி இல்லை. எழும்பி வந்தால் என்றுதான் வைத்தீர்கள், அவர் எழும்பி வரவில்லை. பொருத்தனை, அதாவது நேர்த்தி, எந்த நிபந்தனையில் தொங்குகிறதோ அந்த நிபந்தனை இல்லாமல் போனால் பொருத்தனையும் அற்றுப்போகிறது. உங்கள் மனம் ஆற வேண்டுமென்று நானாகக் கட்டிச் சொல்லவில்லை, கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 1194ஆம் சட்டத்தில் இருக்கிறது. இரண்டு இலக்கம் தள்ளி 1196இல், தனிப்பட்ட பொருத்தனைகளில் இருந்து ஒருவரை விடுவிக்கப் பங்குக் குருவுக்கு அதிகாரம் உண்டு என்றும் இருக்கிறது. ஆகவே மாமியையும் கூட்டிக்கொண்டு பாதரிடம் போங்கள், மாமி பக்கத்தில் இருக்கத்தக்கதாக அவருடைய வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். மாமிமாருக்குச் சட்டப் புத்தகம் ஏறாது, பாதர் சொன்னால் ஏறும்.

மாமியைப் பற்றி ஒன்று. உங்கள் மூன்று பக்கக் கடிதத்தில் மாமி ஏழு இடத்தில் வருகிறா. நெருக்குகிறா, சொல்லுகிறா, கேட்கிறா, பார்க்கிறா. ஒரு இடத்திலாவது அழுகிறா என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குக் கணவர் போனது போல அவவுக்கு மகன் போயிருக்கிறார், அவ என்னவென்றால் பஸ், திகதி, பெயர்ப்பட்டியல் என்று ஓடித் திரிகிறா. இப்படி ஓடுகிற தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இருந்தால் உடைந்துபோவோம் என்று தெரிந்துதான் ஓடுவார்கள். மகனைக் காப்பாற்ற முடியவில்லை, பேரப்பிள்ளைகளையாவது ஒரு மெழுகுதிரியால் காப்பாற்றிவிடலாம் என்று நினைக்கிறா போல. அவ சொல்லுவது பிழை, ஆனால் அவ உங்களுடைய எதிரி இல்லை.

அடுத்தது, மாதா பிள்ளைகளுக்கு ஏதும் செய்துவிடுவாவோ என்ற பயம். மடுவில் இருப்பது யார்? 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து எங்களுடைய ஆட்கள் மாந்தையில் இருந்து காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போன சொரூபம். 2008 சித்திரையில் சண்டை நெருங்கியபோது பாதர்மார் அதைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள், அந்த ஆவணியில்தான் திரும்பி வந்தது. எங்களைப் போலவே சாமான் கட்டி இடம்பெயர்ந்த தாய் அவ. கட்டாத கடனுக்குப் பிள்ளைகளின் மேல் கைவைக்க அவ என்ன லீசிங் கம்பனியா?

இந்த முறை பஸ்ஸில் போவதா விடுவதா என்று கேட்டால், போக வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். பாவம் புண்ணியம் பார்த்துச் சொல்லவில்லை. ஆவணித் திருநாள் என்றால் சனக்கூட்டம், ஒலிபெருக்கி, கூடாரம் போட்டுச் சமைக்கிற குடும்பங்கள். முக்கால்வாசிக் கூடாரத்தில் தகப்பன்மார் விறகு பிளந்துகொண்டு நிற்பார்கள். அதற்கு நடுவில் உங்களை ஏன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்? பிறகு எப்போதாவது மனம் சொன்னால், சனமில்லாத ஒரு சாதாரணக் கிழமை நாளில் போய் அந்த மரங்களுக்குக் கீழே இருந்துவிட்டு வாருங்கள்.

காய்ச்சல் விஷயத்தை நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கென்றால் கடிதம் முழுவதும் அந்த வரிக்குக் கீழேதான் கிடக்கிறது. டெங்கில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான், இரத்தக் குழாய்களில் இருந்து நீர் வெளியே கசியத் தொடங்குகிறது. உடம்பு குளிரும், ஆள் எழும்பி இருப்பார், சிலவேளை கஞ்சி கேட்பார். பார்க்கிற எவரும் சுகம் வருகிறது என்றுதான் நினைப்பார்கள். (வாசிக்கிறவர்கள் இதை மனதில் வையுங்கள்: காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, விடாத சத்தி, கைகால் சில்லிடுதல், அளவுக்கு மீறின சோர்வு, இரத்தக் கசிவு ஏதும் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.) அன்றைக்கு நீங்கள் பார்த்தது காய்ச்சல் விட்ட ஒரு மனிதனை. கஞ்சி காய்ச்சிக் கொடுத்தீர்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு தெரிந்துகொண்டதை வைத்துக்கொண்டு, அன்றைக்கு அடுப்படியில் நின்ற அந்த மனிசியை ஒவ்வொரு இரவும் விசாரணைக்குக் கூப்பிடுகிறீர்கள். அவவுக்கு அது தெரியாது. ஒரு நாள் முந்திக் கொண்டுபோயிருந்தால் தப்பியிருப்பாரா என்று இனி எவராலும் சொல்ல முடியாது, சொல்லுகிறேன் என்று வருகிறவரைக் கிட்ட எடுக்காதீர்கள்.

இனி, விசுவாசம் போட்டுதா என்ற கேள்வி. நான் ஒரு உளவளத்துணையாளர், கோயிலுக்குப் போகிற ஆள், இறையியல் படித்தவள் இல்லை. இருபத்திரண்டு வருடம் செத்தவீடுகளுக்குப் பிறகு வருகிற ஆட்களோடு இருந்து கதைத்ததில் இருந்து சொல்லுகிறேன்.

பைப்பைத் திறந்து விட்டுவிட்டு நிற்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் வாசிப்பை நிறுத்திவிட்டேன். விசுவாசம் போன ஆளுக்குச் செபமாலைச் சத்தம் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி. அவர் பாட்டுக்குத் தேங்காய் துருவுவார், போனைப் பார்ப்பார், கொட்டாவி விடுவார். அவருக்கு அது நோகாது. உங்களுக்கு அந்தச் சத்தம் தண்ணீரைத் திறந்து மறைக்க வேண்டிய அளவுக்கு நோகிறது. முகம் கொடுக்கப் பிடிக்காமல் ஒரு ஆள் குசினிக்குள் போய் நிற்கிறா என்றால், விறாந்தையில் யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதானே கருத்து?

யோவான் நற்செய்தியில் 11ஆம் அதிகாரத்தை எடுத்து வையுங்கள். இப்போதே வாசிக்க வேண்டும் என்றில்லை. மார்த்தா, மரியா என்ற சகோதரிகள் தங்கள் சகோதரன் இலாசருக்குச் சுகமில்லை என்று இயேசுவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். இயேசு செய்தியைக் கேட்டுவிட்டும் இரண்டு நாள் அங்கேயே நிற்கிறார். வந்து சேரும்போது இலாசரைக் கல்லறையில் வைத்து நாலு நாளாகிவிட்டது. மார்த்தா வழிக்கே போய் மறித்து, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான் என்கிறா. மரியா வீட்டுக்குள்ளேயே இருக்கிறா, வெளியே வரவில்லை. உங்களுடைய குசினி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிறகு கூப்பிட்டு ஆள் வந்த பின்தான் எழும்பிப் போகிறா, போனவவும் சொல்லுக்குச் சொல் அதையேதான் சொல்லுகிறா. அந்த நாலு நாளும் அக்காவும் தங்கச்சியும் வீட்டுக்குள் இருந்து இந்த ஒரு வசனத்தைத்தான் திரும்பத் திரும்பக் கதைத்திருப்பார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும். அவர் வந்திருந்தால், வந்திருந்தால். இரண்டு பேரையும் அவர் ஏசவில்லை, என்னைக் குறை சொல்லுகிறாயா என்று கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இலாசரை எழுப்பப்போவது தெரிந்திருந்தும் நின்று அழுதார்.

இலாசர் எழும்பினார், என்ர மனிசன் எழும்பேல்லையே என்று உங்களுக்குள் ஒரு சத்தம் வரும், வரவும் வேண்டும். பதிலே இல்லை என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். ஏன் அந்த வீட்டில் அப்படி, ஏன் உங்கள் வீட்டில் இப்படி? ஒரு காரணத்தை நான் எடுத்து நீட்டினால் அது பொய். ஒன்று மட்டும் சொல்லலாம், இலாசரும் பிறகு ஒருநாள் திரும்பச் செத்துத்தான் இருப்பார், அவருக்கு இரண்டாம் தரம் செத்தவீடு நடந்திருக்கும். ஆனபடியால் கிறிஸ்தவன் தன் எதிர்நோக்கைக் கொண்டுபோய் இலாசருடைய கல்லறையில் கட்டுவதில்லை, அதற்கும் அங்கால், உயிர்ப்பு ஞாயிறில்தான் கட்டுகிறான். அது உங்கள் கணவரை இந்த ஆவணிக்கோ அடுத்த ஆவணிக்கோ வீட்டுக்குக் கொண்டுவருகிற வாக்கில்லை. அவர் ஒருவருடைய கையில் இருக்கிறார், திரும்பக் காண்போம் என்கிற வாக்கு. இன்றைக்கு அது உங்களுக்குப் போதாது என்று எனக்குத் தெரியும்.

எதிர்நோக்கு என்று கோயிலில் இப்போது சொல்லுகிறார்களே, எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். பஸ் ஸ்ராண்டில் நிற்கிற ஆள் செய்கிற வேலை அது. அவர் சந்தோசமாக நிற்க வேண்டும் என்று சட்டமில்லை. பசியோடு நிற்கலாம், பஸ்காரனைத் திட்டிக்கொண்டு நிற்கலாம், இனி வராது என்று பக்கத்தில் நிற்பவரிடம் புறுபுறுத்துக்கொண்டும் நிற்கலாம். வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான். திருப்பாடல்கள் புத்தகத்தில் 88ஆவது பாடல் அப்படி நிற்கிற ஒருவருடையது. மற்ற முறைப்பாட்டுப் பாடல்கள் பெரும்பாலும் கடைசி வரிகளில் எப்படியோ கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். இது வராது, இருள் என்ற சொல்லோடு அப்படியே முடிந்துவிடும். யாரும் அதற்கு ஒரு நல்ல முடிவை ஒட்டிவைக்கவும் இல்லை, வேதாகமத்தில் இருந்து எடுத்துவிடவும் இல்லை.

ஆனால் எங்களுடைய ஆட்கள் ஒட்டிவைப்பார்கள்! பங்கில் அயலவர்கள் சேர்ந்து செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் ஒரு அக்கா உங்களிடம், ஆண்டவர் தனக்குப் பிடித்த பூவைத்தான் முதலில் ஆய்வார் என்று சொன்னாவாம். 46 வயது மனிதன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், ஓட்டோ லீசிங் இன்னும் முடியவில்லை. பூவாம். அந்த அக்கா கெட்டவ இல்லை, சும்மா இருக்கத் தெரியாமல் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறா. வேதாகமத்தில் எல்லாவற்றையும் பறிகொடுத்த யோபுவின் கூட்டாளிமாரும் முதலில் ஏழு நாள் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு நிலத்தில் இருந்தார்கள், அவர்கள் செய்த ஒரே நல்ல வேலை அதுதான். பிறகு வாயைத் திறந்து கடவுளுக்காக வாதாடத் தொடங்கினார்கள். கடைசியில் கடவுளே வந்து, என்னைப் பற்றி நீங்கள் சரியாகப் பேசவில்லை, கத்திக் கேட்ட யோபுதான் சரியாகப் பேசினான் என்கிறார். 42ஆம் அதிகாரம், 7ஆம் வசனம். இனி யாரும் பூக் கதையோடு வந்தால் சிரித்துவிட்டு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து அனுப்புங்கள், அவர்களோடு மல்லுக்கட்ட இப்போது உங்களிடம் பலமில்லை.

எனக்கு விளங்காத ஒன்று. தபசு காலம் முழுக்க எங்களுடைய கோயில்களில் இயேசுவின் பாடுகளைச் சொல்லி அழுகிற வியாகுலப் பிரசங்கம் வாசிக்கிறோம். பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரி ராகத்தில் ஆச்சிமார் மாதாவுக்காக அழுவார்கள், மகனைப் பறிகொடுத்த தாய் இவ்வளவு அழலாமா என்று எவரும் கேட்பதில்லை. சின்ன வயதில் நான் ஆச்சியின் மடியில் இருந்து, இவ ஏன் இப்படி அழுகிறா, இது நடந்து எவ்வளவு காலம் என்று யோசித்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஆட்கள்தான் கணவன் செத்து ஆறாம் மாதத்தில், இன்னும் அழுதுகொண்டிருந்தால் ஆத்துமா இளைப்பாறாது என்று உங்களுக்குச் சொல்லுகிறார்கள். கேளாதீர்கள். திருச்சபை அப்படிச் சொல்லவில்லை.

செபமாலைக்கு வருகிறேன். உங்களால் வாய் திறக்க முடியவில்லை என்றால் திறக்க வேண்டாம். செபமாலையின் அமைப்பை ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். முதற்பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்லுவார்கள். ஒரு ஆள் பாதியில் நின்றால் இன்னொரு ஆள் பிடித்துக்கொள்ளுவதற்குத் தோதாகவே அந்தச் செபம் கிடக்கிறது.

என் அம்மாவைப் பற்றிச் சொல்லுகிறேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுக்க வெளிக்கிட்டபோது நாங்களும் வெளிக்கிட்டோம். எனக்கு 19 வயது. அப்பாவுக்கு ஏற்கெனவே இருதய வருத்தம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில், வாங்குகளை அடுக்கி மறைப்புக் கட்டின ஒரு வகுப்பறையில், மூன்றாவது கிழமை அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு அம்மா செபத்துக்கு வாயே திறக்கவில்லை. மறைப்புக்கு அங்கால் ஒரு ஆச்சி, எங்களுக்குச் சொந்தமும் இல்லை, ஊரும் இல்லை. பின்னேரமானால் செபமாலையை எடுத்துக்கொண்டு எங்களுடைய பக்கத்துக்கு வந்து இருந்துவிடுவா. முதல் நாள் அம்மாவைப் பார்த்து, “நீ சும்மா இரு பிள்ளை, உன்ர பங்கையும் நானே சொல்லுறன்” என்றா. சொன்னா, இரண்டு பாதியையும், ஒவ்வொரு நாளும். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பா. அடுத்த வருடம் நாங்கள் வீட்டுக்குத் திரும்பினோம், ஆச்சி எங்கே போனா என்று தெரியாமல் போய்விட்டது. அதற்கும் பிறகு ஒருநாள் பின்னேரம், நான் விறாந்தையில் தனியாகச் செபமாலை சொல்லிக்கொண்டிருக்க, குசினிப் பக்கமிருந்து மறுபாதி கேட்டது. எட்டிப் பார்த்தேன். அம்மா திருக்கை வெட்டிக்கொண்டிருந்தா, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கை நிறைய இரத்தமும் செதிலுமாக (திருக்கைக்கு ஏது செதில், அது பக்கத்துச் சட்டியில் கிடந்த விளைமீனுடையது) வாய் மட்டும் சொல்லிக்கொண்டு போனது. ஏன் அன்றைக்கு என்று நானும் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை.

இந்த மண்ணில் இது புதிதும் இல்லை. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் குருமாரைத் துரத்தினார்கள். 1687இல் புனித யோசே வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேரும்வரைக்கும் ஏறத்தாழ ஒரு தலைமுறை குரு இல்லை, பூசை இல்லை. வந்தவர் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டாராம், யாருடைய கண் அந்த மணிகளில் போய் நிற்கிறது என்று பார்க்க. அந்த 29 வருடமும் வீட்டுக்குள் யாரோ ஒருவர் மற்றவர்களுடைய பங்கையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே நாளைக்குப் பின்னேரம் ஒன்று மட்டும் செய்து பாருங்கள். குசினிக்குள்ளேயே நில்லுங்கள், பைப்பை மட்டும் மூடிவிடுங்கள். உங்களுடைய ஒன்பது வயது மகன் மாமிக்கு மறுபாதி சொல்லுவது காதில் விழும். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். செபமாலையில் ஒரு பத்து மணிகளுக்குமேல் தாங்க முடியாவிட்டால் திரும்பத் திறந்துவிடுங்கள்.

மகனோடு கிரிக்கெட் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டு இரவெல்லாம் குற்றமாக இருந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்குக் குற்றப்படத் தேவையில்லை. துக்கத்தில் இருக்கிற மனம் ஊஞ்சல் மாதிரி, ஒரு பக்கம் இழப்பு, மற்றப் பக்கம் அடுப்பு, பள்ளிக்கூடம், கிரிக்கெட். மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் இதை விளக்கி எழுதினார்கள்: இப்படிப் போய்ப் போய் வருவதுதான் ஆரோக்கியமான துக்கம், ஒரே பக்கத்தில் மாட்டுப்பட்டால்தான் யோசிக்க வேண்டும்.

மகள். இவ்வளவு செபிச்சு என்ன நடந்தது என்று அவள் கேட்டது உங்களிடம் விளக்கம் எதிர்பார்த்து இல்லை. பதினாலு வயதில் தகப்பனைப் பறிகொடுத்தவள், அம்மாவும் என்னைப் போலத்தான் இருக்கிறாவா, இல்லை நான் மட்டும்தான் கெட்ட பிள்ளையா என்று பார்க்கிறாள். அவளுக்குத் தெரிவது மாமியின் செபமாலையும் தம்பியின் குரலும் குசினியில் தண்ணீர் ஓடுகிற சத்தமும்தான். அந்தத் தண்ணீருக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு இதைச் சொல்லலாம்: எனக்கும் விளங்கேல்ல பிள்ளை, எனக்கும் ஆண்டவரோட கோவம், அதைத்தான் அவரிட்டச் சொல்லிக்கொண்டு நிக்கிறன். அழுதுகொண்டு சொன்னாலும் பரவாயில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் அழக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவர்கள் நல்ல மனதோடு பிழையான பாடம் சொல்லித் தந்திருக்கிறார்கள். கோயிலுக்கு வரமாட்டேன் என்று அவள் சொன்னால் ஒரு கொஞ்ச ஞாயிறு விடுங்கள், இழுத்துக்கொண்டு போக வேண்டாம், ஆனால் பூசை முடிந்து சேமக்காலைக்குப் போகும்போது வாறியா என்று கேளுங்கள். பூ வைக்கிற, சிலுவையில் படிந்த தூசி துடைக்கிற வேலைகளை அவளிடம் விட்டுவிடுங்கள். கார்த்திகை 2, ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கல்லறையைச் சுத்தம் பண்ணி வெள்ளையடிக்கிற பொறுப்பை இப்போதே அவளுக்குக் கொடுக்கலாம். அந்த வயதுக்குச் செபத்தைவிட வெள்ளையடிப்பது லேசு.

தொழில்முறையாக ஒன்று சொல்லாமல் விட முடியாது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், நீடித்த துக்கம் என்பதும் ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது, ஆறு மாதத்துக்கு மேல் என்று ஒரு கணக்கும் போட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் முடிந்தது, இனி நீங்கள் நோயாளி என்று அதற்கு அர்த்தமில்லை. அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தைத் தாண்டி, நாளாந்த வாழ்க்கையே நடத்த முடியாத அளவுக்குத் துக்கம் இறுகிப்போயிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். நீங்கள் சமைக்கிறீர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறீர்கள், மூன்று பக்கம் கடிதமும் எழுதுகிறீர்கள். ஆனால் நித்திரை இல்லாமல் கிழமைக் கணக்காக இழுபட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், அவரோடு போய்விட்டால் நல்லது என்ற யோசனை ஒரு தரமாவது வந்தால், செபத்தோடு மட்டும் சமாளிக்கப் பார்க்காதீர்கள். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. போக முடியாத இரவென்றால் மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு எடுங்கள். டெங்குக்கு ஆஸ்பத்திரிக்குப் போனது விசுவாசக் குறைவு இல்லையே, இதுவும் அப்படித்தான்.

ஓட்டோவை விற்பதா வைத்திருப்பதா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஒரு வருடம் ஆகும்வரை பெரிய முடிவு எதையும் எடுக்காமல் இருப்பது நல்லது, ஆனால் லீசிங் காத்திருக்காது. உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் நாள் வாடகைக்குக் கொடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். கொடுக்கிறதென்றால், கண்ணாடியில் தொங்குகிற அவருடைய செபமாலையைக் கழற்றி எடுத்துவிட்டுக் கொடுங்கள், பிறகு அதற்காக ஒரு அழுகை வேண்டாம்.

கடைசியாக அந்த நூல். எறிய வேண்டாம். மெழுகுதிரி செய்யவும் வேண்டாம், குறைந்தது இப்போது வேண்டாம். அது இனி நேர்த்தியின் அளவு இல்லை, ஒரு மனிசனுடைய உயரம், அவ்வளவுதான். ஐந்தடி எட்டங்குலமோ என்னவோ. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரை எழுப்பாமல் காலடியில் இருந்து மெல்ல மெல்லப் பிடித்து அளந்திருக்கிறீர்கள். முடிச்சுப் போட்டு வைத்தீர்களா, சுற்றி வைத்தீர்களா என்று எழுதவில்லை. நூல் இருப்பது மகளுக்குத் தெரியுமா என்றும் எழுதவில்லை. தெரியாதென்றால் ஒருநாள் அவளிடம் எடுத்துக் காட்டுங்கள். அவள் அதை எங்கே வைக்கச் சொல்லுகிறாள் என்று பார்ப்போம். எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா